தொட்டித் தண்ணீரில் அரளி

2006ஆம் ஆண்டு அக்டோபர் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து ஐம்பது. வானம் மூடிக் கிடந்தது. முந்தின இரவு நாலு தூறல் விழுந்து, மண்ணுக்குள் இருந்த சூட்டைக் கிளப்பிவிட்டதோடு நின்றுபோயிருந்தது. காற்று இல்லை. பின்வாசல் கதவைத் திறந்து வெளியே வந்தேன். நாய் எழுந்து வரவில்லை.

ஐந்து வருடங்களில் அப்படி ஒரு காலை இருந்ததில்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் வந்து, என் வேட்டிக் கரையை மோந்து பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிடும். நான் வீட்டைச் சுற்றி ஒரு சுற்று வருவேன். எந்த வேலி சாய்ந்திருக்கிறது, எந்தச் செடி வலைக்கு வெளியே தலை நீட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். அன்று அது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. முன்னால் வாந்தி, மஞ்சளாக, நுரையோடு. அதில் ஐந்தாறு பொரி ஊறிக் கிடந்தன. "ஏலே" என்றேன். வீட்டில் அதற்கு வைத்த பேர் வேறு. நான் ஏலே என்றுதான் கூப்பிடுவேன். வாலை ஒரு தரம் தூக்கித் தரையில் போட்டது. அவ்வளவுதான்.

ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீட்டை ஒட்டி மேற்கே மகனின் பட்டறை. பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி வெட்டி, மடித்து, ஒட்டிக் கொடுக்கிற தொழில். வெடிமருந்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, அட்டையும் பசையும்தான். ஒரு கட்டிங் மிஷின், ஒரு மடிப்பு மிஷின், பெட்டி ஒட்ட ஒன்பது பெண்கள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்து நாலு வருடம் தாள் இருப்புக் கணக்குப் பார்த்தவன். ஒரு கட்டைக் கையால் விசிறி, இருபது தாள் குறைகிறது என்று சொல்லிவிடுவேன். எண்ணிப் பார்த்தால் இருபதுதான் குறையும். ஓய்வு பெற்ற அன்று சால்வை ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். கழிவுத்தாள் கட்டுகளுக்கு அடியில் ஈன்று கிடந்த நாய்க்குட்டிகளில் ஒன்றை நானாக எடுத்துக்கொண்டு வந்தேன். கடிகாரம் மறு வருடமே நின்றுபோனது. சால்வை பீரோவில் இருக்கிறது. மூன்றில் எனக்கு உபயோகமாக இருந்தது குட்டி மட்டும்தான்.

ஓய்வு பெற்று வந்தவனுக்கு வீட்டில் வேலை இல்லை. மகன் தொழிலில் என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை. கேட்காமல் சொன்னால் "சரிப்பா" என்பான். அந்த "சரிப்பா"வுக்கு அர்த்தம், போய் உட்காருங்கள் என்பது. மனைவிக்கு விடிந்ததிலிருந்து சாமி. செவ்வாய் ஒரு சாமி, வெள்ளி ஒரு சாமி, பிரதோஷத்துக்கு ஒரு சாமி. நான் பேசினால் காது கொடுத்துக் கேட்டது அந்தக் குட்டிதான். காது கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எதையாவது கடித்துக்கொண்டிருந்தது. செருப்பு, துடைப்பக் கட்டை, பசை வாளியின் விளிம்பு, செடி.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி, இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகள் ஒரே பகலில் செத்தன. அந்த வீட்டுக்காரர் அரளியைக் கழித்துவிட்டு, வெட்டிய கிளைகளை வேலியோரம் போட்டு வைத்திருந்தார். பச்சையாக நிற்கிற அரளியை எந்த ஆடும் மோந்துகூடப் பார்க்காது; அவ்வளவு கசப்பு. அதனால்தான் எங்கள் பக்கத்தில் வேலிக்கு அரளி வைக்கிறார்கள். ஆடு தின்னாது, தண்ணீரும் கேட்காது. ஆனால் வெட்டிப் போட்டு வாடிச் சருகாகிவிட்டால் கசப்பு மட்டுப்பட்டுவிடுகிறது. விஷம் அப்படியே இருக்கிறது. ஆட்டுக்கு இது தெரியாது. ஆட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் இடத்தில் என்னென்ன நிற்கிறது என்று பார்த்தேன். செவ்வரளி ஒன்பது. தெற்கு மூலையில் மஞ்சள் பூ அரளி ஒன்று. அதன் காய் உருண்டையாகத் தொங்கும், ஒரு குட்டி நாய் உருட்டி விளையாடத் தோதான அளவில். குப்பைமேட்டில் ஊமத்தை. வேலியில் எருக்கும் காட்டாமணக்கும். மழைக் காலத்தில் அதே வேலியில் படர்ந்து ஏறுகிற செங்காந்தள். அதற்குக் கிழங்கிலே விஷம். வீட்டைக் கட்டி இருபது வருடம் இவற்றுக்கு நடுவே நடமாடியிருக்கிறோம். பார்க்க எல்லாம் அழகாகத்தான் இருந்தன.

மற்றதையெல்லாம் தோண்டி எறிந்துவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. செவ்வரளியில் கை வைக்கப் போனபோது மனைவி வந்து குறுக்கே நின்றாள். அவை அவள் வைத்த செடிகள். மல்லிகையும் பிச்சியும் கருகிப்போகிற மண்ணில், குளித்த தண்ணீரை விட்டே அவள் வளர்த்தவை. தினம் ஒரு கூடை பூ. அதைப் பிடுங்கினால் சாமிக்கு எதைப் போடுவது என்று கேட்டாள். நாய் முக்கியமா சாமி முக்கியமா என்று கேட்கவில்லை. ஆனால் கேள்வி அதுதான். கடைசியில் ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. செடிகள் இருக்கட்டும், ஒவ்வொன்றையும் சுற்றி இடுப்பளவு கோழிவலை அடித்துக்கொள்கிறேன் என்றேன். அடித்தேன். கழித்த கிளைகளை அன்றைக்கன்றே சாக்கில் கட்டி, சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போட்டு மண் தள்ளினேன். கொளுத்த முடியாது, அதன் புகையும் ஆகாது, பக்கத்தில் அட்டை அடுக்கி வைத்திருக்கிற இடத்தில் தீக்குச்சி கிழிக்கவும் கூடாது. உதிர்ந்த பூவைக் காலையும் மாலையும் கூட்டி எடுத்தேன்.

பட்டறைப் பெண்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு. வலைக்குள் கையை விட்டு உதிர்ந்த இலையை நான் பொறுக்குவதைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: "நாய்க்குச் செடி மேல ஆசையா, செடிக்கு நாய் மேல ஆசையா, பெரியய்யா? ரெண்டயும் இம்புட்டுக் கவனமாப் பிரிச்சு வச்சிருக்கீக." மற்றவர்கள் பசைக் கையோடு சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். நாய் தன் பாட்டுக்கு என் பின்னால் நின்றது. ஐந்து வருடம் அது ஓர் அரளி இலையைக்கூடத் தொட்டதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முன்பு ஒரு கிணறு இருந்தது. சாமிக்குப் போட்டு எடுத்த மாலைகளை மனைவி அதில்தான் போடுவாள். சாமி மேல் கிடந்த பூ மனிதர் காலில் மிதிபடக் கூடாது. ஓடுகிற தண்ணீரிலோ கிணற்றிலோ விட வேண்டும். ஓடுகிற தண்ணீருக்கு விருதுநகர்ப் பக்கத்தில் எங்கே போவது? ஆற்றில் மணல்கூட மிச்சமில்லை. கிணறும் வற்றி, குழந்தைகள் விழுந்துவிடும் என்று மகன் அதை மூடி, மேலே தளம் போட்டு, அட்டை அடுக்கும் இடமாக்கிவிட்டான். அதற்குப் பிறகு அன்றாடப் பூவை ஒரு சாக்கில் சேர்த்து வைப்பாள். மாதம் ஒருமுறை கோயிலுக்குப் போகும்போது அங்கே தெப்பக்குளத்தில் போட்டுவிட்டு வருவாள். போர் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் சிமென்ட் தொட்டி கட்டியது நான். நாய்க்கு, காக்கைக்கு, தெருவில் போகிற ஆட்டுக்கு. இரண்டு நாளைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடுவேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. தீபாவளிக்கு இருபது நாள். எங்கள் ஊர்களில் சீசன் உச்சியில் இருக்கிற நேரம். பட்டறையைக் கழுவி, மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிட்டார்கள். சம்பங்கி, மரிக்கொழுந்து எல்லாம் கடையில் யானை விலை. அதனால் மாலை எல்லாம் வீட்டு அரளியில் மனைவியும் அந்தப் பெண்களும் கட்டியதுதான். கட்டிங் மிஷினுக்குப் பெரிய மாலை, மடிப்பு மிஷினுக்கு ஒன்று, தண்ணீர் மோட்டாருக்கு, தராசுக்கு, சைக்கிள்களுக்கு, சாமி படங்களுக்கு. பதினொரு மாலை. ஒன்பது செடியும் அன்று மொட்டையாக நின்றன. ஒரு பூ கீழே கிடக்காதபடி நான் கூட்டி எடுத்தேன்.

மறுநாள் திங்கள், விஜயதசமி. மறுபூஜை முடித்து, மிஷினை ஒருமுறை ஓட்டிவிட்டு மாலைகளை எடுப்பார்கள். நான் அன்று மத்தியானம் விருதுநகர் போய்விட்டேன். சொந்தக்காரர் ஒருவர் பருப்பு மண்டி திறந்தார். போகாவிட்டால் வருடக் கணக்கில் சொல்லிக் காட்டுவார். நான் வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. நாய் வாசலில் எதிர்கொண்டு வந்தது. சாப்பாட்டை மோந்துவிட்டு விட்டுவிட்டது. பூஜை வீட்டில் பெண்கள் எதையாவது கொடுத்திருப்பார்கள், வயிறு நிறைந்திருக்கும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க் காலை மகனிடம் லோடு ஆட்டோவைக் கேட்டேன். நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவன் பெட்டிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"சீசன் நேரம்ப்பா. எட்டு மணிக்கு நாரணாபுரத்துல லோடு எறக்கணும். பூஜைக்கு ரெண்டு நாள் அடைச்சதுக்கே கம்பெனிக்காரன் கத்திக்கிட்டு இருக்கான். எதையாச்சும் தின்னிருக்கும், வாந்தி எடுத்தாச் சரியாப் போயிரும்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆர்டர் தவறினால் அடுத்த சீசனுக்கு அந்தக் கம்பெனி வராது. நியாயம் இருக்கிறது என்பதற்காக மனசு ஆறிவிடுகிறதா என்ன? சாலைக்கு நடந்துபோய் ஓர் ஆட்டோவைப் பிடித்து வந்தேன். சாக்கை விரித்து, நாயைத் தூக்கி வைத்தேன். பதினெட்டு கிலோ இருக்கும். கால்கள் துணி மாதிரித் தொங்கின. டிரைவர் முதலில் யோசித்தார், பிறகு, "வாயில்லாச் சீவன், ஏறுங்க அண்ணாச்சி" என்று தலைத் துண்டைக் கொடுத்து, வாயைத் துடைக்கச் சொன்னார்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு மாடும் நாலு ஆடும் இருந்தன. டாக்டர் இளம்பெண். நாயைப் பார்த்ததும் எங்களை முன்னால் கூப்பிட்டுவிட்டார். ஈறைத் தூக்கிப் பார்த்தார். குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"துடிப்பு விட்டு விட்டு வருது. வீட்டுல அரளி இருக்கா ஐயா?"

இருக்கிறது, ஒன்பது செடி இருக்கிறது, ஒன்பதுக்கும் இடுப்பளவு வலை அடித்திருக்கிறேன், ஐந்து வருடமாக ஓர் இலையைக்கூட இது தொட்டதில்லை என்று சொன்னேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். ஆட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வலைக்குள்ள இருந்தது சரி. பூவ யாரும் பறிக்கலையா?"

இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் கேள்வியை நான் கேட்டுப் பார்த்ததில்லை. நாய் வலைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டேன். தினம் ஒரு கூடை பூ வலையைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஆட்டோ டிரைவரின் செல்போனை வாங்கி வீட்டுக்குப் பேசினேன். மனைவிதான் எடுத்தாள். பூஜை மாலையெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"தொட்டித் தண்ணியிலதான் போட்டிருக்கேன். எல்லாஞ் சேந்து பதினொண்ணு, சாக்குல கொள்ளல. கோயிலுக்குப் போறமட்டும் கெடக்கட்டுமேன்னு, காலு படாத எடமாப் பாத்துப் போட்டேன். எதுக்குக் கேக்கீக?"

காலையில் நான் அந்தத் தொட்டிப் பக்கம் போகவே இல்லை. நாய் படுத்திருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுந்து, மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கினார். சிலது அங்கே இல்லை. எதிரில் மருந்துக் கடையில் வாங்கி வரச் சொன்னார். வயிற்றில் இருக்கிற விஷத்தை இழுக்கக் கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். துடிப்புக்கு ஊசி, காலில் குளுக்கோஸ். பூவைத் தின்னாவிட்டாலும் பூ ஊறிய தண்ணீரே போதும் என்று டாக்டர் சொன்னார். புழுக்கம் தாங்காமல் குடித்திருக்கும் என்றார். எனக்கு வாந்தியில் கிடந்த பொரி ஞாபகம் வந்தது. மாலையோடு படையலையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். பொரி மிதந்திருக்கும். பொரிக்காக வாயை வைத்து, பூவையும் சேர்த்து மென்றிருக்கும்.

மத்தியானம் வரை வைத்திருந்துவிட்டு, வீட்டில் அசையாமல் படுக்க வையுங்கள் என்று அனுப்பினார்கள். நெஞ்சில் கையை வைத்து, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். அறுபதுக்குக் கீழே போனால் மறுபடி கொண்டுவர வேண்டும். "எண்ணத் தெரியும்ல ஐயா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைப் பார்த்தேன். பதினொரு மாலையும் கிடந்தன. தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. விளிம்பில் பொரி ஒட்டிக் காய்ந்திருந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போடுவதை மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கலக்கம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நாய்க்காகவா, சாமி மாலையைக் குப்பை மாதிரி நான் சாக்கில் அடைப்பதற்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அரளி விஷம்னு உனக்கு எத்தன தரம் சொல்லியிருப்பேன்" என்றேன்.

"நீங்க செடியத்தான சொன்னீக. சாமிக்குப் போட்ட மாலையச் சொன்னீகளா?" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, உண்மையாகவே புரியாமல் கேட்டாள்: "சாமி மேல கெடந்த பூவு எப்படிங்க வெசமாகும்?"

செடியில் இருக்கும்வரை அது அரளி. கட்டிப் போட்டுக் கும்பிட்ட பிறகு அது அரளி இல்லை, பிரசாதம். அவள் கணக்கு அப்படி. அவள் மட்டும் இல்லை, எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதே கணக்குத்தான் சொல்வார்கள். காலால் மிதிப்பது பாவம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வாயால் குடிக்கிற ஒன்று அதே தரையில் நடமாடுகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று முழுக்க நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். சாயங்காலம் எழுபத்திரண்டு இருந்தது. விளக்கு வைத்த பிறகு அறுபத்தெட்டு. எண்ணும்போது நடுவில் ஓர் இடம் வெறுமையாக வரும், அடுத்த துடிப்பு வருமா என்று கை காத்திருக்கும், வரும். பட்டறையில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலை முடிந்து போகிறபோது பட்டறைப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அன்று ஒருத்தியும் கேலி பேசவில்லை. ஒருத்தி மட்டும், இளநீர் கொடுத்துப் பாருங்க பெரியய்யா என்றாள். கொடுத்தேன். நக்கவில்லை.

புதன் காலை ஐம்பத்தாறு. அதே ஆட்டோவில் மறுபடி கொண்டுபோனேன். டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. அலைக்கழிக்காமல் வீட்டில் வையுங்கள் என்றார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். மனிதர்களுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது, வழியில் ஏதோ கம்பெனியில் பட்டாசை வெடித்துச் சோதித்தார்கள். வெடிச்சத்தம் கேட்டால் என் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிகிற நாய், அன்று காதைக்கூட அசைக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். தலை என் மடியில் இருந்தது. எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றுக்குப் பிறகு கை காத்திருந்தது. எப்போதும் காத்திருப்பதைவிட அதிக நேரம் காத்திருந்தது. அதற்கு மேல் எண்ண ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு ஒன்பது அரளியையும் வேரோடு பிடுங்கினேன். மனைவி வெளியே வரவில்லை. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். அவள் குளித்த தண்ணீரை ஊற்றி வளர்த்த செடிகள் என்பது எனக்கும் தெரியும். அதற்காக நான் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகல் பட்டறையில் ஒரு கூச்சல். ஓடினேன். கட்டிங் மிஷினின் கத்தி, மகன் அட்டையைச் சரிசெய்யக் கை நீட்டிய நேரத்தில், தானாக இன்னொரு முறை இறங்கிவிட்டது. கிளட்ச் வழுக்கியிருக்கிறது. சட்டைக் கை நுனி ஒரு விரற்கடை அளவுக்கு அறுந்து அட்டையோடு கிடந்தது. கையில் கீறல்கூட இல்லை. அவன் வெளுத்துப் போய், தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் பார்த்தேன். பத்தும் இருந்தன.

அன்று சாயங்காலத்துக்குள் வீட்டில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பட்டறைப் பெண்கள் ஆரம்பித்தார்கள், மனைவி முடித்தாள். வீட்டுக்கு வரவிருந்த பெரிய கண்டத்தை வாயில்லாச் சீவன் தன் மேல் வாங்கிக்கொண்டு போய்விட்டது. நாய் செத்ததால்தான் மகன் கை தப்பியது. அது மட்டும் இல்லை. சாமிக்குப் பூக்கொடுக்கிற செடியை நான் பிடுங்கினேன், மறுநாளே மிஷின் கையைக் கேட்டது.

"குத்தம் நீங்க செஞ்சது. அதத் தீத்தது அந்த நாயி" என்றாள் மனைவி. செடியைப் பிடுங்கியது நாய் செத்த மறுநாள் என்பதை அவள் எண்ணவில்லை.

பூ விஷம், பூவைத் தண்ணீரில் போட்டது நீ, அதைக் குடித்துத்தான் செத்தது, இதில் சாமிக்கும் மிஷினுக்கும் என்ன வேலை என்று நான் கேட்டேன். ஒரே ஒரு தரம் பூவால்தான் செத்தது என்று சொல்லிவிடு, போதும் என்றுகூடச் சொன்னேன். நாயைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "ஒங்க மகன் கை இருக்குல்ல? அதுக்குச் சந்தோசப்படுங்க" என்றாள்.

சந்தோஷம்தான். சந்தோஷமில்லை என்று எந்தத் தகப்பனால் சொல்ல முடியும்? அந்த இடத்தில் என் வாயை அடைத்துவிட்டாள். மகன் பக்கம் திரும்பினேன். டிப்ளமோ படித்தவன், கிளட்ச் வழுக்கியது என்று தெரிந்தவன், அன்று ராத்திரியே மெக்கானிக்கை வரவழைத்து அதை மாற்றியவன். அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தன் கையைப் பார்த்தான். அம்மா சொல்வதை நம்புகிறவன் முகமாகத்தான் அது இருந்தது. நாய் சும்மா செத்தது என்பதைவிட, தனக்காகச் செத்தது என்பது அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். லோடு ஆட்டோவைக் கொடுக்காதது அந்தக் கணக்கில் மறைந்துபோகிறது அல்லவா?

அடுத்த செவ்வாய் ஊர் அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். நன்றிக்கடன். செலவு வீட்டுப் பெரியவர் கையால் கொடுத்தால்தான் சேரும் என்று மனைவி சொன்னதால் என் பென்ஷன் பணத்தில். அம்மனுக்குச் சிவப்பு மாலை சாத்த வேண்டும். வீட்டில் செடி இல்லை, நான்தான் பிடுங்கிவிட்டேனே. பூக்கடையில் அரளி மாலை வாங்கினோம். அதைக் கூடையில் வைத்துச் சுமந்து போனதும் நான்தான். பூசாரியிடம் மனைவி நாயின் பெருமையை எடுத்துச் சொன்னாள். அது வீட்டைக் காத்த கதையைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அது உயிரோடு இருந்த ஐந்து வருடத்தில் அதைப் பற்றி அவள் அவ்வளவு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

திரும்பி வரும் வழியில் கேட்டேன், அடுத்த வருடம் ஆயுத பூஜை மாலைகளை எங்கே போடுவாய் என்று. இனிமேலாவது சொல்லி வைக்கலாமே என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"தொட்டியிலதான் போடணும். வேற எங்கன போடுறது?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்: "இனிம என்ன பயம்? நாய்தான் இல்லையே."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, செலவைக் கூட்டினேன். முதல் நாள் ஆட்டோ, காத்திருந்ததோடு சேர்த்து, இருநூற்று இருபது. கரித்தூள், ஊசி, குளுக்கோஸ் முந்நூற்று நாற்பத்தேழு. மறுநாள் ஆட்டோ நூற்று எண்பது, ஊசி நூற்றுப் பன்னிரண்டு. குழி தோண்டியவருக்கு நூறு. அரளி பிடுங்கிய இரண்டு பேருக்கு முந்நூறு. பொங்கலுக்கு அரிசி, வெல்லம், நெய், தேங்காய் இருநூற்று எண்பத்தைந்து. பூசாரி தட்டில் நூற்று ஒன்று. அரளி மாலை நாற்பத்தைந்து. ஆக மொத்தம் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.